அக்கரையில் அடித்த காற்று

திருமழபாடி
தை 11

அன்புள்ள மகன் தமிழ்மாறனுக்கு அம்மா ஆண்டாயி எழுதிக்கொள்வது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் கப்பலில் இருக்கிற மற்ற ஏழு பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் எட்டு விளக்குப் போட்டேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, அங்கே நீ அலோ அலோ என்கிறாய், இங்கே நான் அலோ அலோ என்கிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால் அஞ்சாவது வரைக்கும் படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் தங்கச்சி கலையரசி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள். உன் போனுக்கு எப்போது போகுமோ அப்போது படி.

பிரேசிலில் காப்பிக்கொட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு நீ அனுப்பிய படத்தைத் தெருவில் எல்லாருக்கும் காட்டினேன். ரெட்டிபாளையத்தில் உன் அப்பா மூட்டை ஏற்றின சிமெண்டு ஆலையின் புகைபோக்கி மாதிரி இரண்டு கம்பம், அதில் முப்பது சென்ட் நிலத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி பாய். கயிறு இழுக்க ஆள் இல்லை, நீ பொத்தானை அமுக்கினாய், பாய் தானாக மேலே போனது. புகையே இல்லாமல் காற்றில் மட்டும் கடலைக் கடக்கப்போகிறோம் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கம்பத்தில் ஏறுகிற வேலை வந்தால் இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு. அந்த ரொட்டியையே மூன்று வேளையும் தின்னாதே, சோறு வடிக்கத் தெரியாத ஆள் இல்லை நீ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கலையரசி மகள் வெற்றிச்செல்விக்குத் தை இருபத்தாறாம் தேதி நம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்து. பத்திரிகை அடித்தாயிற்று, தாய்மாமன் என்று உன் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இருபத்தஞ்சு நாளில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து விமானம் ஏறி வந்துவிடுவேன் என்று நீ சொன்னதை நம்பி நான்தான் தேதி கொடுத்தேன். கப்பல் என்றால் பஸ் மாதிரி நேரத்துக்கு வரும் என்று நினைத்துவிட்டேன், தப்பு என் பேரில். போன வாரம் நீ கூப்பிட்டு, பூமிக்கு நடுவில் காற்றே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டோம், பாய் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்குகிறது என்றாய், படமும் அனுப்பினாய். மோட்டாரைப் போடச் சொல்லேன் என்றேன். மோட்டார் துறைமுகத்துக்குள் நுழையவும் ஆபத்துக்கும்தான், கடல் முழுக்க ஓட்ட எண்ணெய் கிடையாது என்றாய். மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. பிள்ளைக்கு இந்தப் பதினோராம் மாதம் தாண்டினால் அப்புறம் மூன்றாம் வயசில்தான் என்று நாள் பார்த்தவர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை முத்தமிழ்செல்வன் பெரம்பலூரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு, என்னங்கத்தை, எண்ணெய்க்கு வக்கில்லாத கப்பல்லயா மச்சானை வேலைக்கு வச்சிருக்காங்க என்று கேட்டார். ரயிலே இல்லாத ஊரில் பிறந்தவர் கப்பலுக்குக் குறை சொல்கிறார். அதோடு விட்டாரா, உன் பெரியப்பா மகன் ராஜா முறைக்கு மாமன்தானே, அவன் மடியில் உட்கார வைத்துவிடலாம் என்றார். உன் அப்பா கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து ரசம் தண்ணியா இருக்கு என்று சொன்னவன் ராஜா. அன்றைக்கு அவன் கட்டியிருந்த வேட்டியின் கரை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. அவன் மடியில் என் பேத்தியா? நான் எழுந்துவிட்டேன். காத்து இல்லேன்னா கப்பல் எப்படிங்க வரும், வர மனசு இல்லாமலா இருக்கான் என் மவன், ஆண்டவன் காத்தை நிறுத்திட்டா மனுசன் என்ன செய்வான் என்று சத்தம் போட்டேன். உன் தங்கச்சிதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சிரித்தாள். இதையேதானேம்மா ராசாங்கம் மாமாவும் சொன்னாரு என்றாள்.

உனக்கு அந்தக் கதை தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருசத்துக்கு முன்னால், ஐப்பசியில், இதே கோயிலில் உனக்குக் காது குத்து. என் அண்ணன் ராசாங்கம் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்து சீர்த்தட்டோடு வர வேண்டியவன், வரவில்லை. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். திருமானூர் பாலத்துக்குப் போகிற ரோடும் முழுகிவிட்டது, வெறும் வெள்ளமாக இருந்தால் பரிசல் போட்டிருப்பார்கள், அன்றைக்குப் பேய்க்காற்று என்று பிறகு ஆள் விட்டான். நான் காலையிலிருந்து இக்கரையில் நின்றவள். எங்கள் பக்கம் அரச இலை அசையவில்லை. காற்றாம் காற்று என்று அன்றைக்கு முறித்த பேச்சுதான். உன்னை என் மடியிலேயே போட்டுக் குத்தினோம். இறுக்கிப் பிடிக்க மாமன் கை இல்லாமல் நீ திமிறி, இடது காதில் ஓட்டை மேலே ஏறிப்போனது. தொட்டுப் பார், இப்போதும் அப்படித்தான் இருக்கும். நீ கண்ணாடி பார்த்துத் தலை சீவும்போதெல்லாம் நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

கலையரசி சிரித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ சொன்ன இன்னொரு வார்த்தையும் உறுத்தியது. நாப்பது மைல் தள்ளி நல்லாக் காத்து அடிக்குதும்மா, எங்களுக்குத்தான் இல்ல என்றாயே. ஒரே கடலில் அங்கே காற்றும் இங்கே இல்லாமலும் இருக்குமென்றால், ஒரே ஆற்றில் இருக்காதா?

புதன்கிழமை பஸ் ஏறி, பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, பல் பாதி இல்லை. என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, யாரு, மழபாடியாளா, வழி இப்பதான் தெரிஞ்சுச்சா என்றான். பேத்திக்குக் காது குத்த மாமன் மடி வேணும், ஒனக்கு மடி இருக்கா, இல்ல அதுவும் ஆத்தோட போயிடுச்சா என்றேன். ஏன், ஒன் மவன் கப்பலுக்கு என்ன என்றான். காத்து இல்ல என்றேன். கடலையைக் கீழே வைத்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரேன், ஆனா அன்னிக்கு ஆத்துல காத்து அடிச்சதுன்னு சபையில நீ ஒன் வாயால சொல்லணும் என்றான். என் மவன்கிட்டக் கேட்டுச் சொல்றேன், அவன் காத்தைப் படிச்சவன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி, இதுவரை உன் அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அன்றைக்கு அக்கரையில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன். கொக்கு என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். அது அவன் துண்டு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். உன் பாய் தொங்குகிற படத்தை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தபோது எனக்கு அந்தத் துண்டு கண்ணுக்குள் வந்தது. காற்று இல்லாமல் துண்டைப் பிடித்தால் கீழே தொங்கும், கையால் ஆட்டினால் ஏறி இறங்கும். அது இரண்டும் இல்லை. பலகை மாதிரி கிழக்கே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. முப்பத்து மூன்று வருசமாக அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. சபையில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆற்றில் ஒரு கரையில் காற்று அடித்து மறு கரையில் இலை அசையாமலும் இருக்கும் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பு. கப்பல்காரன் சொன்னான், அதனால் ஒத்துக்கொண்டேன் என்று இருக்கட்டும், நானாக இறங்கி வந்தேன் என்று அண்ணன் நினைக்கக் கூடாது. தேதிக்குள் காற்று வந்து நீயும் வந்துவிட்டால் பிள்ளையை நீ மடியில் வைத்துக்கொள், தலையை இறுக்கிப் பிடிக்க அவன் கை இருக்கட்டும். ராஜாவுக்குப் பத்திரிகை கொடுத்திருக்கிறேன், ரசத்தைக் கெட்டியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் உன் கூட இருக்கிறவர்களுக்கும் நல்ல காற்றாக அடிக்கட்டும், நூறு வயசு இரு. அந்த ஒரு வரியை மறந்துவிடாதே, இருபத்தஞ்சாம் தேதிக்குள் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. ஆண்டாயி