எட்டாவது கை

அண்ணை,

போன ஞாயிறு பின்னேரம் பாரிசிலிருந்து சார்செலுக்குத் திரும்பும் ரயிலில், ஏதோ ஓர் உதைபந்தாட்டக் கழகத்துப் பெடியன்கள் விளையாட்டுப் பைகளோடு ஏறினார்கள். முழங்கால்களில் சேறு காய்ந்திருந்தது. பெட்டி முழுவதும் ஈரப்புல்லும் நோவுத் தைலமும் கலந்த மணம். யன்னலோரம் இருந்த மகள் மூக்கைச் சுருக்கி ஒருமுறை இழுத்துவிட்டு, "மமோன், மாமா மணக்குது," என்றாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. நீங்கள் போகும்போது நாலு. உங்கள் முகத்தைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். மணத்தை மட்டும் யாரையும் கேட்காமல் தனக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

மூன்று வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட மடல் இது. எழுதத் தொடங்கினால், உங்களைக் கோல்காப்பாளர் இடத்திலிருந்து எடுப்பதற்குக் கை தூக்கியவள் நான் என்பதோடு நிறுத்த முடியாது. ஏன் தூக்கினேன் என்பதையும் எழுத வேண்டும். அதை நீங்கள் கேட்டபோது நான் சொல்லவில்லை.

அந்தப் பருவத்தின் பாதியில் நாங்கள் பத்து ஆட்டம் ஆடியிருந்தோம். ஒன்று சமன். மிச்சம் ஒன்பதும் தோல்வி. பாரிசில் ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் ஒரு கழகம் இருந்தது. எங்களுக்கு எங்கள் ஊரின் பெயரில் ஒன்று. ஊர்ப்பிள்ளைகள் மட்டும்தான் விளையாடலாம் என்பது எழுதப்படாத சட்டம். ஊர்ப்பிள்ளைகளுக்கோ நாற்பது வயது தாண்டிக்கொண்டிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சுக் கழகங்களில் ஆடினார்கள். கம்பஸில் படித்தவள், தமிழும் எழுதுவாள், பிரெஞ்சும் படிக்கிறாள் என்று சொல்லி, வந்து இரண்டு வருடம்கூட ஆகாத என்னைச் செயலாளர் ஆக்கியதும் நீங்கள்தான். "பிள்ளைக்கும் வீட்டுக்கை இருந்து யோசிக்காமல் ஒரு வேலை," என்றீர்கள்.

என் யோசனைகள் உங்களுக்குப் பகிடி. மகளுக்குக் காய்ச்சல் வந்தால், படியில் அவள் கால் தடக்கினால், ரயில் பிந்தினால் எல்லாவற்றுக்கும் உங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பேன். "நீ பயப்பிடுறதுக்கெண்டே ஒரு சங்கம் தொடங்கு. தலைவரும் நீ, செயலாளரும் நீ," என்பீர்கள். சொல்லிவிட்டு, வேலை முடிய மார்க்ஸ் டோர்மோயில் இருந்த உங்கள் அறைக்குப் போகாமல் நேரே எங்களிடம் வருவீர்கள்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது. ஏழாம் மாடி. நீங்கள் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினீர்கள். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால். நாலாம் மாடியில் மூட்டையை இறக்கிவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துக்கொண்டு நின்றீர்கள். கட்டட நிர்வாகம் பிரெஞ்சில் ஒட்டிய நீண்ட அறிவித்தல். இருபது வருடம் சமையலறைக்குள் நின்ற நீங்கள் பிரெஞ்சு கதைப்பீர்கள், வாசிக்க வராது. உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். உங்கள் முதுகு மூச்சு வாங்கி ஏறி ஏறி இறங்கியது. குளிர்காலத்தில் கழுத்தெல்லாம் வியர்வை.

"என்ன போட்டிருக்கு அண்ணை?"

"குப்பையைச் சரியாப் போடட்டாம்," என்றீர்கள், திரும்பாமல்.

அந்த அறிவித்தல் தண்ணீர் நிறுத்தப்போவதைப் பற்றியது.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது என் கையெழுத்தில், கழகத்தின் கோப்புக்குள் இருந்தது.

பருவம் தொடங்க முன் ஒவ்வொரு விளையாட்டுக்காரரிடமும் செர்த்திபிக்கா வாங்க வேண்டும். இவர் ஓடியாடலாம், நெஞ்சு சரியாக இருக்கிறது என்று வைத்தியர் எழுதித் தரும் ஒரு கடதாசி. அதை வாங்கிக் கோப்பில் வைப்பது செயலாளரின் வேலை. எல்லோரிடமும் வாங்கினேன். கொண்டுவராத இரண்டு பேரைச் சப்பாத்தைக் கழற்ற வைத்து, ஆட விடாமல் வாங்கில் இருத்தினேன். உங்களிடம் மூன்று முறை கேட்டேன்.

"டொக்டரிட்டைப் போனா அவர் ஒரு வருத்தத்தைக் கண்டுபிடிப்பார். அதுக்குப் பிறகு எனக்கு அந்த வருத்தம் வரும். தேவையோ?" என்று சிரித்தீர்கள். நாலாவது முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட அண்ணையிடம் கடதாசி கேட்டு நிற்பதா? மற்றவர்களுக்கு முன்னால் உங்களை வாங்கில் இருத்துவதா? உங்கள் பெயருக்கு நேரே "கிடைத்தது" என்று எழுதினேன். ஒரு சொல்தான். எழுதும்போது அது மரியாதை போலத்தான் இருந்தது.

பத்தாவது ஆட்டம் முடிந்த ஞாயிறு, ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ராசன் அண்ணையின் சலூனுக்குள் கூட்டம். சலூன் பூட்டியிருந்தது. சுழல் கதிரைகளில் மூத்தவர்கள், வாங்கில் மற்றவர்கள், தலைமயிர் கிடந்த நிலத்தில் மகள். விளையாடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் கோபம் கூட.

"இனி இந்த வருசம் முடிஞ்சுது. இருக்கிற ஆட்டங்களை எண்டாலும் ஒழுங்கா முடிச்சு மானத்தைக் காப்பாத்துவம். பழைய ஆக்களே ஆடட்டும்," என்றார் கந்தையா அண்ணை. கழகத்தின் முதல் தலைவர்.

நீங்கள் எழும்பினீர்கள். "மானம் ஒன்பது தரம் போட்டுது அண்ணை. மிச்ச ஆட்டத்திலையும் தோப்பம். தோக்கிறதை இளம் பெடியளை வைச்சுத் தோத்தா, அடுத்த வருசத்துக்கு ஒரு அணி இருக்கும்."

"எங்கை இருக்கிறாங்கள் பெடியள்?"

"வன்னியிலையிருந்து வந்த பெடியள் லா சப்பேலிலை ஒவ்வொரு கடைக்குள்ளையும் நிக்கிறாங்கள். அவங்களைச் சேருங்கோ."

"அவங்கள் எங்கட ஊரோ?"

"ஊர், ஊர்! ஊரிலை இப்ப ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம். அவங்களுக்கு ஊரும் இல்லை, கழகமும் இல்லை. எங்களுக்கு ஆள் இல்லை. இதிலை என்ன கதை?"

பிறகு எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்து, உங்கள் பக்கம் வென்றது. ஊர்ச் சட்டம் அன்றைக்குத்தான் உடைந்தது. முப்பத்தைந்து தாண்டிய ஐந்து பேரை நிறுத்துவதென்றும் முடிவாகியது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ராசன் அண்ணை கத்தரிக்கோலைக் கையில் சுழற்றிக்கொண்டு, "அப்ப கோலுக்கு?" என்றார்.

"கோல் வேறை," என்றீர்கள். "கோலிலை அனுபவம் வேணும்."

சலூனே சிரித்தது. "என்ன அனுபவம்? பந்து எடுத்துக் குடுக்கிற அனுபவமோ?"

"அண்ணை பாயேக்கை பந்து வலைக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிக்குது!"

"எல்லாரையும் வீட்டை அனுப்பிப்போட்டு இவர் மட்டும் நிப்பாராம். நல்ல நியாயம் மச்சான்!"

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் காது சிவந்திருந்தது. நாற்பத்திரண்டு வயது. கலியாணம் கட்டவில்லை. கிழமையில் ஆறு நாள் இன்னொருவரின் அடுப்புக்கு முன்னால். ஏழாம் நாள் மட்டும்தான் உங்கள் பெயரைச் சொல்லி ஆட்கள் கத்துவார்கள், அது ஏச்சாக இருந்தாலும். அதை நான் அறிவேன். ஞாயிறு காலையில் உங்கள் குரல் வேறு ஆளுடைய குரலாக இருக்கும்.

கிளிநொச்சியிலிருந்து வந்த ரூபன் என்ற வன்னிப் பெடியனைக் கோலுக்குப் போடுவதா, நீங்களே நிற்பதா? கை தூக்கச் சொன்னார்கள். ராசன் அண்ணை எண்ணினார். உங்களுக்கு ஏழு கை. ரூபனுக்கு ஏழு. ரூபன் கதவடியில் நின்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செயலாளர் தூக்கேல்லை," என்றார் கந்தையா அண்ணை. "தங்கச்சி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எனக்கு நாலாம் மாடியில் ஏறி இறங்கிய முதுகுதான் தெரிந்தது. சேற்றுக்குள் நீங்கள் விழுந்து எழும்பாமல் கிடப்பது தெரிந்தது. கோப்பைத் திறந்து, "இவருக்குக் கடதாசி இல்லை, டொக்டரிட்டைப் போய் வரும்வரைக்கும் ஒருத்தரும் இவரை விடக்கூடாது," என்று சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. ஆனால் நான் பொய் எழுதியது தெரியவரும். உங்களை வருத்தக்காரர் என்று அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் சொன்னதாகவும் ஆகும். அதைவிட இது சுலபம் என்று நினைத்தேன். விளையாடாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.

ரூபனுக்குக் கை தூக்கினேன். எட்டாவது கை.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்தீர்கள். "எழுது பிள்ளை," என்றீர்கள். "கோலுக்கு ரூபன்."

வழமைபோலக் கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மேடையில் ரயிலுக்கு நிற்கும்போது அவளை என்னிடம் தந்துவிட்டுக் கேட்டீர்கள். "அவங்கள் சொல்லட்டும். நீ என்னத்தைக் கண்டனி?"

"எல்லாரும் சொல்லுகினம்தானே அண்ணை," என்றேன்.

"ஓம். அதுவும் சரிதான்."

ரயில் வந்தது. எப்போதும் ஏறுகிறவர் அன்று ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுகளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நான் எடுத்தால் கதைப்பீர்கள், நீங்களாக எடுப்பது நின்றுபோனது. பருவம் முடிய, புதுப் பட்டியல் போட்டேன். யார் யார் செர்த்திபிக்கா தரவேண்டும் என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்தபோது உங்கள் பெயருக்கு இடமில்லை. அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் உங்களை வைத்தியரிடம் அனுப்ப ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை நான் கை தூக்கி இல்லாமல் ஆக்கியிருந்தேன். விளையாடாத மனிதரிடம் யார் கடதாசி கேட்பார்கள்? அடுத்த கிழமை எப்படியாவது கதைக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை மகளுக்கு அம்மை போட்டது. அதற்கு அடுத்த கிழமை உங்கள் உணவகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வேலைக்கு உடுப்பு மாற்றும் அறையில், ஒரு சப்பாத்தைக் கட்டிவிட்டு மற்றதைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லையாம்.

மருத்துவமனையில் ஒரு பெண் வைத்தியர் மெதுவாகக் கேட்டார், முன்னம் ஒருவரிடமும் காட்டவில்லையா என்று. நெஞ்சுக்குப் போகும் குழாய் கனகாலமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறதாம். பார்த்திருந்தால் தெரிந்திருக்குமாம். நான் பிரெஞ்சு நன்றாகப் படித்திருந்தேன் அண்ணை. ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

உங்கள் செத்தவீட்டில் ராசன் அண்ணை சுவரில் தலையை முட்டி அழுதார். "உந்தாளை நாங்கள் நிப்பாட்டியிருக்கக் கூடாது. மனம் உடைஞ்செல்லோ போட்டுது." இன்றைக்கும் சலூனில் அதுதான் கதை. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு, "அவர் கோலிலை நிண்டிருந்தா" என்று யாராவது தொடங்குவார்கள். உங்களைப் பகிடி பண்ணியவர்களே இப்போது நீங்கள் பிடித்த பந்துகளை எண்ணுகிறார்கள், பிடிக்காதவற்றையும் சேர்த்து. நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உங்களைக் கொன்றது கவலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

செயலாளர் வேலையை விடவும் இல்லை. இந்தப் பருவத்து நாலாவது ஆட்டத்துக்கு ரூபன் செர்த்திபிக்கா இல்லாமல் வந்து நின்றான். பழையது முடிந்திருந்தது. "அடுத்த கிழமை தாறன் அக்கா," என்றான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். வேறு கோல்காப்பாளர் இல்லை. பின்னுக்கு ஆடுகிறவனைக் கோலில் விட்டு ஆறு கோல் வாங்கினோம். எல்லைக் கோட்டில் நின்று ஒருவர் கத்தினார். "அண்டைக்குச் சொந்த அண்ணையை நிப்பாட்டினா. இண்டைக்கு இவனை. உந்தப் பிள்ளை ஆருடைய பக்கம்?" ஆனாலும் நான் அவனை ஆட விடவில்லை.

அடுத்த ஞாயிறு ரூபன் அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு சலூனுக்குள் வந்தான். "இந்தாங்கோ அக்கா. குதிரை மாதிரி ஓடலாமாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்கி வாசித்தேன். ஒரு வரி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. இவ்வளவுதான் அண்ணை அது. இருபது நிமிட வேலை.

அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. உங்கள் இடத்தில் நிற்கும் அந்தப் பிள்ளையின் நெஞ்சு நன்றாக அடிக்கிறதே என்று, ஒரு நிமிடம் எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது. அவன் சலூனின் பின்பக்கக் குசினிக்குள் போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். குடித்தேன்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஏற்கனவே ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மேடையில் நீங்கள் கேட்டதற்கு, நாலாம் மாடியில் உங்கள் முதுகைக் கண்டேன் என்பதுதான் பதில். பந்தை நீங்கள் விட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை அண்ணை. பந்து உங்களிடம் வரும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.