ஷாலினை அழைத்து வரவேண்டாம்

பிள்ளைப்பாக்கம்,
மே 11.

அன்புள்ள மேரிக்கு,

ஆண்டவர் தயவில் இருக்கிறேன். நீயும் ஷாலினும், கோத்தகிரியில் உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் ஷாலின் பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அங்கே போன மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை என்று நீ சொன்னபோது, போனை வைத்துவிட்டு அழுதேன். இங்கே இருந்தவரை வாரத்துக்கு இரண்டு தடவை நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடினோமே.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிடலாமா என்று கேட்டாய். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கம்பெனிப் புகையைப் பற்றி ஊரார் கொடுத்த மனுவுக்காகப் போன மாதம் காற்றை அளக்க அதிகாரிகள் வந்தார்கள். ஒரு மாடி வீட்டின்மேல் மூன்று நாள் மெஷின் வைத்தார்கள். முதல் நாளே சூப்பர்வைசர் வசந்தகுமார் என்னைக் கூப்பிட்டார். எண்ணெயும் பெயின்ட்டும் ஒட்டிய பழைய அலுமினியத்தை மூன்று நாளைக்கு உலையில் போடாதே, சுத்தமான கட்டிகளை மட்டும் உருக்கு என்றார். செய்தேன், மேரி. உலை முன்னால் நிற்கிறவன் நான்தானே.

இரண்டாம் நாள் ஷிஃப்ட் முடிந்து அந்த மாடி வீட்டு வாசலுக்குப் போனேன். அதிகாரி, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வேலை போனால் குழந்தைக்கு மருந்து எப்படி வாங்குவது என்ற பயம்.

காற்றில் குறை இல்லை என்று அதிகாரிகளின் ரிப்போர்ட் வந்துவிட்டது. மெஷினை எடுத்துக்கொண்டு போன மறுநாளே பழைய அலுமினியம் மறுபடி லாரியில் வந்து இறங்கியது. அதையும் நான்தான் உருக்கினேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா, "காத்து சுத்தமா கீதுன்னு எழுதிக்கினு போய்ட்டாங்களே தம்பி, அப்போ எங்க வூட்டுக்காரரு இன்னாத்துக்கு இப்டி இழுத்துக்கினு கெடக்குறாரு" என்று கேட்டார். சபாபதி அண்ணனால் இப்போது படுக்க முடிவதில்லை, சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குகிறார். மனுவில் முதல் கையெழுத்து மேரி போட்டது என்று அக்கா இன்னும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கம்பெனியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். பீடி சிகரெட் உண்டா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். பயப்படாதே, வெறும் இருமல்தான். அங்கே தேயிலை ஃபேக்டரியில் எனக்கு வேலை இருக்குமா என்று உன் மாமாவை விசாரிக்கச் சொன்னேன். உள்ளூர் ஆட்களுக்கே இல்லையாம்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஷாலினின் டி.சி.யை வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். அங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிடு. அப்பா எப்போது வருவார் என்று கேட்டால், ஓ.டி. வேலை பார்க்கிறார் என்று சொல்.

சாயங்கால ஜெபத்தில், சீக்கிரம் அப்பா வீட்டுக்குப் போகணும் என்று தினமும் வேண்டுகிறாளாமே. எனக்காக வேண்டட்டும். ஆனால் இதை மட்டும் வேண்டாமல் பார்த்துக்கொள், மேரி. குழந்தை கேட்டால் ஆண்டவர் கொடுத்துவிடுவார்.

மாதா உங்கள் இருவரையும் அங்கேயே வைத்துக் காக்கட்டும்.

உன்
லூர்துராஜ்