டிரம் அடித்தவனின் அப்பா

இன்று காலை உன் முதுகைப் பார்த்தேன். கைப்பேசியில்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடை. முகம் தெரியவில்லை. எனக்கு முகம் எதற்கு? சின்ன வயதிலிருந்து வரப்பில் அந்த முதுகுக்குப் பின்னாலேயே நடந்த கூட்டாளி நான்.

முதலில் ஒரு நல்ல சேதி சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத வந்துவிட்டதடா. சிரிக்காதே. நீ போன பிறகு நம் கரையாம்புத்தூரில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். போய் உட்கார்ந்தேன். நீ இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. பஸ் போர்டை நீ படித்தாய். கரண்டு பில்லை நீ படித்தாய். டீக்கடை பேப்பரை உரக்கப் படித்தாய். பாதி உன் சொந்தச் சரக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. “எழுத்துல இன்னாடா இருக்குது, நான் சொல்றதுதான் சேதி” என்பாய். நீ போன கொஞ்ச நாளில் வில்லியனூரில் பாகூர் பஸ் என்று நினைத்து வேறு ஏதோ பஸ்ஸில் ஏறி, தெரியாத ஊரில் இறங்கி நின்றேன். அன்றைக்கே முடிவு செய்தேன்.

இப்போது ‘ழ’ கூட வருகிறது. கொம்பு எந்தப் பக்கம் போடுவது என்பதில் மட்டும் இன்னும் தடுமாற்றம். மூலக்குளத்தில் பஸ் நெரிசலில் நின்றால் மற்றவர்கள் முனகுகிறார்கள், எனக்குக் கொண்டாட்டம். அவ்வளவு கடை, அவ்வளவு பலகை! டைல்ஸ், பிரியாணி, பல் ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடுவதில்லை.

அந்த உற்சாகத்தில்தான் கைப்பேசியில் என் விரலாலேயே ‘பாண்டிச்சேரி ராக் கச்சேரி’ என்று எழுதித் தேடினேன். எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. வரிசையாக வந்த படங்களில் ஒன்றைத் தொட்டேன். கூட்டத்தில் நின்ற ஒரு ரசிகன் தன் கைப்பேசியில் எடுத்துப் போட்ட வீடியோ. அதில்தான் நீ இருந்தாய்.

உன் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு ஹார்டு ராக் பேண்டு வைத்திருந்தான். அவன் டிரம்ஸ். வில்லியனூர் ரோட்டில் ஒரு காலித் திடலில் அவர்கள் கச்சேரி என்று தெரிந்ததும் நீ போன் பண்ணினாய். “உங்களுக்கு இது புரியாதுப்பா, காது போயிடும், வராதீங்க” என்றான். நீ போனை வைத்துவிட்டு என்னிடம், “வராதீங்கன்னா வழி தெரியாம அலைவோம்னு பயப்படறான்டா. நீ வண்டிய எடு” என்றாய். என் மொபெட்டில் போனோம். வாசலில் கையில் காகிதப் பட்டை கட்டிவிட்டார்கள். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இன்னாடா, அட்மிட் பண்ணிட்டானுங்களா நம்மள?” என்றாய். முன்னால் நின்ற பெண்பிள்ளை சிரித்துவிட்டாள்.

உன் சட்டைப் பையில் ஒரு புது ரூபாய் நோட்டும் ஊக்கும் இருந்தது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்தாய். நம் ஊர்க் கூத்தில் அதுதானே முறை. ஒருவன் நன்றாக ஆடினாலோ மத்தளம் நன்றாகப் பேசினாலோ, மேடையேறி அவன் நெஞ்சில் நோட்டைக் குத்துவோம். கட்டியங்காரன் கூத்தை நிறுத்திவிட்டு, கொடுத்தவன் பெயர், அப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் சொல்வான். மத்தளக்காரன் ஒரு தீர்மானம் அடித்துத் தாளத்தை முடித்துக் கும்பிடுவான். பிறகு விட்ட இடத்திலிருந்து கூத்து நடக்கும். நோட்டுக் குத்தாமல் எழுந்து போவதுதான் மரியாதைக் குறைவு. ஊரில் எத்தனை பேருக்குக் குத்தியிருப்பாய். உன் பிள்ளைக்குக் குத்தாமல் இருப்பாயா?

எல்லாரும் ஓய்ந்து, உன் மகன் மட்டும் தனியாக டிரம்ஸ் வாசிக்கிற இடம் வந்தது. கூத்துக் கணக்குப்படி அதுதான் சரியான நேரம். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய்.

இனி அந்தப் பதிவைப் பற்றிச் சொல்கிறேன். நீ பார்க்கவில்லை அல்லவா. ஆரம்பத்தில் படம் ஒரே ஆட்டம். ஒரு பெண்ணின் கூந்தல் பாதித் திரையை மறைக்கிறது. கிடார் சத்தத்தை அந்தச் சின்ன மைக்கு தாங்கவில்லை, நெல் மிஷினில் கல் சிக்கியதுபோல் கரகரக்கிறது. பாடுகிறவனின் வாய் அசைகிறது, பாட்டு கேட்கவில்லை. எடுத்தவன் கூடவே கத்துகிறான், அதுதான் நன்றாகக் கேட்கிறது. ஆனால் டிரம்ஸ் தனியாக வந்ததும் அந்தப் பையன் கத்துவதை நிறுத்திவிட்டான். கையை ஆடாமல் பிடித்திருக்கிறான். ரசிக்கத் தெரிந்தவன். பேண்டுக்காரர்களே பெரிய கேமரா வைத்து எடுத்த பதிவும் இருக்கிறது. தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு, குச்சியின் நுனி தெரிகிறது. அதில் நீ இல்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். கரகரக்கிற பதிவில்தான் நீ படியேறுகிறாய்.

ஏறுகிறாய். கையில் நோட்டு மினுங்குகிறது. உன் மகனுக்கும் உனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. அப்போது கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் பின்னால் வந்து உன் கையைப் பிடித்து இழுக்கிறான். துண்டு விழுகிறது. பாடுகிறவன் மைக்கில் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான், கூட்டம் சிரிக்கிறது. என்ன சொன்னான் என்று இன்றைக்கு என் மருமகளைக் கேட்டேன். தாத்தாவும் நம்ம பேண்டில் சேர வந்துட்டார் போல என்றானாம்.

படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்தார்கள். தமிழில் இருந்ததை நான் படித்தேன். ‘யாருப்பா இந்த பெருசு’. இதை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அடுத்தது கொஞ்சம் கடினம். ச, ர, க், கு. சரக்கு. ஓ, வ, ரா. கூட்டிப் படித்து முடித்ததும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்ததடா, வாத்தியாரம்மா இல்லாமல் நானே படித்தேன் என்று. அப்புறம்தான் என்ன படித்தேன் என்று புரிந்தது. ‘சரக்கு ஓவரா?’ நீ குடிக்காதவன் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அன்றைக்கு நீ குடிக்கவில்லை. மகன் கச்சேரி என்று காலையிலிருந்து விரதக்காரன் மாதிரி இருந்தாய். இதைப் படிக்கவா நான் எழுத்து கற்றேன்?

அதற்குக் கீழே இன்னொருவன், டிரம்மர் நல்ல வேகத்தில் இருந்தார், கிழவன் வந்து கெடுத்துவிட்டான், அந்த இடத்தில் ஒரு அடி தப்புகிறது பாருங்கள் என்று எழுதியிருந்தான். மருமகளின் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி மறுபடி கேட்டேன். உண்மைதான். உன் கால் மேடையில் படுகிறது. அவன் கைக்குச்சி அடித்துக்கொண்டே இருக்கிறது, காலால் மிதிக்கிற பெரிய டிரம் மட்டும் நிற்கிறது. ஒரு மூச்சு நேரம். பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போகும்போது முன்னைவிட பலமாக அடிக்கிறான்.

அன்று திரும்பும் வழியில் டீக்கடையில் அந்தப் புது நோட்டை நீட்டி இரண்டு டீ சொன்னாய். ஊக்கை உன் காலரிலேயே குத்திக்கொண்டாய். “மேடையில லைட்டு கண்ணுல அடிக்கும்டா. அவன் என்னைப் பாக்கல” என்றாய். “ஆமாண்டா” என்றேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் யாரும் கேட்காமலேயே சொன்னாய், “பாத்திருந்தா எழுந்து வந்திருப்பான்டா.” அப்போதும் ஆமாம் என்றேன்.

அவன் பார்த்தான்.

மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து படத்துக்குக் கீழே எழுதினேன். மருமகள் நான் எழுதித் தருகிறேன் மாமா என்றாள். வேண்டாம் என்றேன். ‘அவர் குடிக்கவில்லை. டிரம் அடிக்கிறவனுடைய அப்பா. எங்கள் ஊரில் நன்றாக வாசித்தால் நோட்டுக் குத்துவோம்.’ பிறகு கட்டியங்காரன் சொல்கிற மாதிரி உன் பெயர், உன் அப்பா பெயர், ஊர் மூன்றையும் எழுதினேன். உன் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பிழை இல்லை என்று மருமகள் சொன்னாள்.

பொழுது சாயும் முன்னே உன் மகன் கூப்பிட்டான்.

“சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? அந்த வீடியோ கீழ எழுதினது நீங்களா?”

“நான்தான்டா. படிச்சியா? கொம்பெல்லாம் சரியா இருக்குதா?”

“அத எடுத்துடுங்க சித்தப்பா. பேண்டுல எல்லாரும் கேக்கறாங்க.”

“இன்னான்னு?”

“அது உங்கப்பாவான்னு. இவ்ளோ நாளா சொல்லவே இல்லையேன்னு.”

“எனக்கு எழுதத்தான் சொல்லிக்குடுத்தாங்க. எடுக்கச் சொல்லிக்குடுக்கல.”

“சித்தப்பா, ப்ளீஸ்.”

“அன்னிக்கு அவன நீ பாத்தியாடா?”

பெங்களூர் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“பாத்தேன். நடுவுல நிறுத்தக் கூடாது சித்தப்பா. எங்க மேடையில அது பெரிய தப்பு. முடிச்சிட்டு வந்து பேசலாம்னு இருந்தேன். நீங்க போயிட்டீங்க.”

“நாங்க எங்கடா போனோம்? கேட்டாண்டயே நின்னோம். உங்க வேன் எங்கள ஒரசிக்கினு போச்சு. உள்ள லைட்டு எரிஞ்சிது. நீ சன்னலோரம் உக்காந்திருந்த.”

“சரி சித்தப்பா. திதிக்கு வரேன்ல, நேர்ல பேசலாம்” என்று வைத்துவிட்டான்.

அவன் கெட்ட பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. உனக்கு ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தான், மொட்டை போட்டான், கருமாதியை ஒரு குறை இல்லாமல் செய்தான். மேடையில் நிறுத்தக் கூடாது என்று அவன் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், அவர்கள் முறை அதுவாக இருக்கலாம். வேன் நிற்கலாம் அல்லவா? அதற்கு எந்த ஊரில் என்ன முறை?

அந்த வேன் சன்னலை நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் லைட்டு கண்ணில் அடிக்கும் என்று எனக்குச் சொன்னாய். இதை இயர்போனைக் கழற்றி வைத்தபோதுதான் புரிந்துகொண்டேன். நான் உன்னைத் தேற்றுவதற்காக ஆமாம் போட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று நீதான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாய்.

வரத்தான் வந்தது. நீ படாமல் விட்ட கோபமும் சேர்ந்து வந்தது. மனசில் வச்சிக்காதீங்க மாமா, வயசான காலத்துல எதுக்கு என்கிறாள் மருமகள். எனக்கு இறக்கி வைக்க மனமில்லை. பெரிய கேமராவில் வெட்டிவிட்டார்கள். நீயும் நடக்காத மாதிரியே பேசிவிட்டுப் போய்விட்டாய். நானும் விட்டுவிட்டால் அந்தப் படியில் யாரும் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்.

எழுதியதை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். திதிக்கு அவன் வரட்டும். பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். குழம்பு வேண்டுமா என்று கேட்பேன். அதற்கு மேல் அவனிடம் எனக்குப் பேச்சு இல்லை.