கதவில் எழுதிய மணி

அக்கா,

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கதவில் உன் நட்டு தட்டும் சத்தம் கேட்டது. டக் டக், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு டக். நீ போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் எழாத இந்த உடம்பு அந்தச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் எழுந்து உட்காருகிறது. பார்த்தால், தகரக் கதவு ஓரம் என் மகள் குந்திக்கொண்டிருக்கிறாள். பரண்மேல் நான் பழந்துணிக்குள் சுருட்டி வைத்திருந்த உன் இரும்பு நட்டு அவள் கையில். "இன்னாமா, பெரிம்மா மாதிரியே கீதா?" என்று சிரித்தாள். மணி மூன்றேகால்.

எனக்குப் பயம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, உன்னிடம் மறைப்பானேன். பொறாமை. பத்து மாசம் சுமந்தது நான், ஃபீஸ் கட்டியது நான், அம்மை போட்டபோது வேப்பிலையோடு கூடவே கிடந்தது நான். பதினாறு வயசில் அந்தக் கழுதைக்கு உன்னை மாதிரிதான் இருக்கணுமாம். செத்தும் நீ என்னை விடமாட்டாயா என்று வாய்விட்டே கேட்டேன்.

நம் திருவொற்றியூர் சந்தில் அப்போது முக்கால்வாசி வீட்டில் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் கம்பெனி கம்பெனியாகப் போனவர்கள். ராத்திரி படுக்கும் முன்னால் அவரவர் கதவில் சாக்பீஸால் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் படுப்பார்கள். நாலு. நாலரை. அஞ்சு. அந்தந்த மணிக்கு நீ போய்த் தட்டுவாய். முதலில் அப்பாவை விடியற்காலை ஏ ஷிஃப்ட்டுக்கு எழுப்ப ஆரம்பித்தது அது. அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த உள்ளங்கை அகல நட்டுதான் உன் ஆயுதம். அப்பா போன பிறகும் நீ நிறுத்தவில்லை. அதற்குள் சந்தே கதவில் எழுதப் பழகிவிட்டது. உன் கையில் வாட்ச்கூடக் கிடையாது. எதிர்வீட்டு முனுசாமி அண்ணன், மணலியில் வெல்டராக இருந்தவர், அடிக்கடி சொல்வார்: "உனுக்குள்ள ஒரு கடியாரம் ஓடுதுமே. சாவியும் இல்ல, பேட்டரியும் இல்ல."

நான் பிளஸ் டூ பாஸ். எஸ்டிடி பூத்தில் வேலை. நீ எட்டாவதோடு நின்றவள். ஆனால் மீன்காரம்மா கூடையை இறக்கியதும் "பெரியவ எங்க?" என்றுதான் கேட்பாள். உனக்கென்று ஒரு கை நெத்திலி கூடுதலாக விழும். கல்யாணப் பத்திரிகை உன் கையில்தான் வரும். என்னை அம்மா கும்பகர்ணி என்பாள். சந்தும் அதையே பிடித்துக்கொண்டது. ஏழு வயசு மூத்தவள் நீ. ஆனாலும் ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்து கோலம் போட்டு, ஊரை எழுப்பி, சட்னியும் அரைத்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டு நிற்பாய். முகத்தில் ஒரு வாட்டம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கின நான் வீங்கின கண்ணோடு பல் துலக்கப் போவேன். எரியுமா எரியாதா, நீயே சொல்.

ஒரு தடவை உனக்குக் காய்ச்சல். "நான் எழுப்புறேன்" என்று நானே வீம்பாக நட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அலாரம் கடிகாரம் ஒன்றைக் கடன் வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். அது அடித்திருக்கிறது. நான் அமுக்கிவிட்டுப் புரண்டு படுத்திருக்கிறேன். ஏழு பேருக்குக் கம்பெனி பஸ் போய்விட்டது. காய்ச்சலோடு நீ எழுந்துபோய்த் தட்டினாய், ஆனால் நேரம் தாண்டிவிட்டது. "இன்னா பொண்ணு இது, சோறு துன்னுட்டுத் துன்னுட்டுத் தூங்குது" என்று ஒருத்தர் நம் வாசலில் நின்று கத்தினார். நீ என்னைத் திட்டவே இல்லை. "வுடுடி, அது உன் உடம்பு வாகு" என்றாய். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் அக்கா.

அந்த வருஷம் ஆடி மாசம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்துக்கு முன்னாலேயே நீ மாற ஆரம்பித்துவிட்டாய். நம் வாசலில் இருந்து கோலம் சந்து முனைவரை போனது. ஒரே நாளில் நாலு பாவாடை தைத்தாய். பேச்சு நிற்கவில்லை, ஒன்றை முடிக்கும் முன் இன்னொன்றுக்குத் தாவினாய். திருவொற்றியூர் முழுக்க நீயே எழுப்பப் போவதாகச் சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள். ஆடி மாசம், அம்மன் வேலை, சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்று மெச்சினார்கள். ஷிஃப்ட்காரர்கள் சந்தில் எந்த நேரமும் யாராவது முழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருத்தி சேர்ந்தாற்போல் முழித்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

என் கண்ணில் பட்டது. ஒரே பாயில் படுத்தவள் நான். வயிறெரிந்தால் கும்பகர்ணிக்கும் தூக்கம் கலையும் போலிருக்கிறது. எப்போது புரண்டாலும் உன் பக்கம் சில்லென்று கிடக்கும். உன் தலகாணி உறையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணினேன். அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டுவிட்டு நிற்கும்போது என்னைக் கேட்டாள்:

"ஏய், அவ ராவுல தூங்குறாளாடி?"

"நல்லாத் தூங்குறாமா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இத்தனை நாள் தூங்காதவள் ஒரு நாள் அசந்துபோய்த் தூங்கித்தானே ஆகவேண்டும்? அன்றைக்கு ஒரு கதவும் தட்டப்படாது. ஏழு பேருக்கு இல்லை, சந்துக்கே பஸ் தவறிப்போகும். நம் வாசலில் நின்று உன்னையும் ஒருத்தர் கத்துவார். அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். என் உடம்பை வைத்து உன் உடம்பை எடைபோட்டேன். தூங்காவிட்டால் அசதி வரும் என்பதுதானே எனக்குத் தெரிந்தது. அசதியே வராத ஒரு நோய் இருக்கும் என்று நான் என்னத்தைக் கண்டேன்.

ஒன்பதாம் நாள் நீ தட்டினாய். நாலு என்று எழுதிய கதவை ஒன்றரைக்குத் தட்டினாய். ஏ ஷிஃப்ட்காரர்கள் உன்னை நம்பிக் குளித்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு முனையில் போய் நின்றார்கள். ஒருத்தரும் மணி பார்க்கவில்லை. நீ தட்டினால் அதுதான் மணி. அரை மணி நேரம் பஸ் வராமல், டீக்கடையும் திறக்காமல் இருந்த பிறகுதான் ஒருத்தர் வாட்சைப் பார்த்திருக்கிறார். அதற்குள் நீ பக்கத்துச் சந்து, அதற்கடுத்த சந்து என்று போய்விட்டாய். கடைசியில் துறைமுகத்துக்குப் போகக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டில் உன்னைப் பிடித்தார்கள். ஒவ்வொரு லாரிக் கதவையும் நட்டால் தட்டி, "விடிஞ்சிடுச்சு, எழுந்திரு நைனா" என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறாய். வரிசை நகர ஆரம்பித்த நேரம். முனுசாமி அண்ணன் உன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுக்காமல் இருந்தால் அன்றைக்கே போயிருப்பாய்.

இரண்டு நாள் தாயத்து, மந்திரிப்பு. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை நாளா தூங்கல?" என்பதுதான். அம்மா என்னைக் கைகாட்டினாள். "சின்னவதான் பக்கத்துல படுப்பா. அன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் தூங்குனானு சொன்னா." டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஆமா," என்றேன். பேனா அதை எழுதிக்கொண்டது. கட்டிலில் உன் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

வீட்டுக்கு வந்தபோது சந்துக் கதவுகளில் சாக்பீஸ் இல்லை. ஆளுக்கொரு அலாரம் கடிகாரம் வாங்கியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அரை நாள் இருந்தது அந்தச் சந்தோஷம். அப்புறம் பார்த்தால், பைத்தியம் என்று பேசினாலும் சந்து உன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட, "பெரியவளுக்கு எப்படிக் கீது?" என்றுதான் கேட்டார்கள். மனசு அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற நோய் என்றார்கள். லித்தியம் மாத்திரை, மாசாமாசம் ரத்தம் எடுப்பது, கை நடுக்கம். தினம் ஒரே நேரத்தில் படுக்கணும், ஒரே நேரத்தில் எழணும், அதுவும் மருந்துதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்ட முனுசாமி அண்ணன் தன் கதவில் அஞ்சு என்று எழுதினார். அவர் வேலையை விட்டுவிட்ட பிறகும் எழுதினார். "எனக்கு வேற யாரு தட்டுனாலும் முழிப்பு வராது" என்பார். தினம் அந்த ஒரே ஒரு கதவை மட்டும் நீ தட்டிவிட்டு வருவாய். எனக்கென்று எந்தக் கதவில் யார் எழுதினார்கள்?

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் என்று நினைவு. உன் செக்கப்புக்கு என் மகளையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இது ரத்தத்தில் வருமா என்று கேட்டேன். டாக்டரம்மா மேஜைமேல் ஒரு படம் போட்டுக் காட்டினார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். பகல் எது, ராத்திரி எது, எப்போது பசி, எப்போது தூக்கம் என்று சொல்வது அதுதானாம். அதை ஓட்டுவது சில மரபணுக்கள். "அதுல சின்னச் சின்ன மாறுதல் உள்ளவங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்குமோன்னு பாத்துக்கிட்டிருக்காங்க. ஒரு ஜீன் மட்டும் செய்யற வேலை இல்ல. வரும்னும் எழுதிக் குடுக்க முடியாது, வராதுன்னும் எழுதிக் குடுக்க முடியாது. தூக்கத்தைக் கவனிங்க." பிறகு என்னைக் கேட்டார், "நீங்க நல்லாத் தூங்குவீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"அது பெரிய வரம்மா," என்றார்.

பஸ்ஸில் வரும்போது நீ என் தோளில் இடித்துச் சொன்னாய்: "பாத்தியாடி, உன் தூக்கத்துக்கும் சர்ட்டிபிகேட் வந்திடுச்சு." கொஞ்ச தூரம் போனபிறகு, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "மாத்திக்கலாமா? உன் தூக்கத்த எனுக்குக் குடு. என் கடியாரத்த நீ எடுத்துக்கோ" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம் என்று அழுகிறேன் என்று நினைத்திருப்பாய். கட்டிலில் கட்டிப்போட்டதைப் பார்த்தவள், ஒன்பது நாளை எண்ணினவள், ஒரு நிமிஷம் சரி என்று சொல்ல வாயெடுத்தேன் அக்கா. அந்தக் கதவுகள், அந்த நெத்திலி, என் மகள் உன் மடியில் தூங்கிப்போகிற அழகு, எல்லாம் சேர்த்து எனக்கு வேண்டியிருந்தது.

போகும்போதும் நீ மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். "புண்ணியவதி, நோகாம போயிட்டா" என்று சந்தே பொறாமைப்பட்டது. அன்றைக்கு ஒரு நாள்தான் நான் ஊரோடு ஒத்துப்போனேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மகள் ஒரு வாரமாகவே சரியாகத் தூங்கவில்லை. செல்போன்தான் காரணம் என்று பிடுங்கி வைத்தேன். அப்புறமும் தூங்கவில்லை. "தூக்கம் வரலமா, ஆனா சோக்கா கீது" என்றாள். உன் வார்த்தை, உன் முகம். செவ்வாய்க்கிழமையே அவளை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். தலை நரைத்திருக்கிறது, கேள்வி மட்டும் மாறவில்லை. எத்தனை நாளா தூங்கல?

"ஆறு நாள்," என்றேன். "நான் எண்ணினேன்."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சந்தோஷமா இருந்தா உனுக்குத் தாங்காது. பெரிம்மாமேல உனுக்கு எப்பவும் பொறாமை."

"ஆமாண்டி," என்றேன். டாக்டரம்மா எதிரிலேயே சொன்னேன். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. குரலை இறக்கி, "பெரிம்மா எத்தினி நாள் தூங்கல?" என்று கேட்டாள்.

"ஒன்பது நாள். அதையும் நான்தான் எண்ணினேன். யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள், வீடு வரும்போது பஸ்ஸில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நோய் என்று இப்போதே சொல்ல முடியாது, பார்க்கலாம் என்று மாத்திரை எழுதி, படுக்கிற நேரமும் எழுகிற நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை பாதி ராத்திரி தூங்கினாள். நேற்று பத்து மணிக்கே கண் சொருகியது. எழுந்துபோய்க் கதவண்டை என்னவோ செய்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

கதவில் சாக்பீஸால் ஆறு என்று எழுதியிருந்தாள்.

செல்போனில் மூன்று அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். ஒன்றுகூட அடிக்கும் முன்னே எழுந்துவிட்டேன், இல்லை, தூங்கவே இல்லை. நீயாக இருந்தால் ஒரு அலாரமும் வேண்டியிருக்காது, அதற்கும் எனக்கு எரிகிறது. இப்போது ஆறாக அஞ்சு நிமிஷம். அவள் வாயைத் திறந்துகொண்டு என்னை மாதிரியே தூங்குகிறாள். உன் நட்டு என் மடியில் இருக்கிறது. இத்தனை கனமாகவா இருந்தது இது?