நாற்பத்தோரு கேசட்டும் ஒரு பெயரும்

அன்புள்ள ஏனுங்க,

நீங்கள் போய் ஒரு வருசமும் கொஞ்ச நாளும் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். புருசன் போன துக்கத்தில் இளைத்துக் கிடப்பேன் என்று நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். இரண்டு ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

நம் ஸ்டூடியோவை மூடவில்லை. பாதி இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன். ஏரி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இப்போது கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஃபிலிம் ரோல் கேட்கிறார்கள், கொடுக்கிறேன். ஊருக்கு போன் போட்டுச் சத்தமாகப் பேசுகிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காதே என்று சொல்லாதீர்கள். நாற்பத்தோரு கேசட் நிறைய அடுத்தவர் பேச்சைச் சேர்த்து வைத்துவிட்டுப் போன மனுசர் அதைச் சொல்லக் கூடாது.

அந்த கேசட் விசயமாகத்தான் இந்தக் கடிதம்.

கேசட்டும் படமும் வைத்திருந்த உங்கள் தகரப் பெட்டியை மூன்று மாதம் நான் தொடவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர்தான் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டையர் ஆனதில் இருந்து அவருக்குத் திருத்துவதற்கு யாரும் கிடைப்பதில்லை. நான் கிடைத்தேன். "பாக்கியம், இத்தனை வருசமா அந்த மனுசன் மலை மலையா ஏறி எடுத்த படத்தைக் கரையானுக்குக் கொடுக்கப் போறயா?" என்றார். சர்ச் ஹாலில் தட்டி கட்டிப் படங்களை மாட்டலாம், ஊர்ச் சனம் வந்து பார்க்கட்டும் என்று அவரே போய் ஃபாதரிடம் பேசி மூன்று நாள் வாங்கிவிட்டார்.

அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேசட்டைப் போட்டுக் கேட்டோம். உங்கள் குரல் எதிலும் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகவா கேள்வி கேட்பீர்கள்? யாரோ பதில் சொல்கிறார்கள், நடுவில் நான் சிரிக்கிறேன். மறுபடி பதில், மறுபடி சிரிப்பு. டீச்சர் டேப்பை நிறுத்திவிட்டு, "இது எஸ்டேட் சனத்தோட வரலாறா, இல்லை உன் சிரிப்போட வரலாறா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் டீச்சர். நான் சிரிக்கலைன்னா ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க" என்றேன். உண்மைதானே? மைக்கை நீட்டினால் எல்லோரும் கலெக்டர் வந்த மாதிரி எழுந்து நின்றுவிடுவார்கள். நான்தான் ஏதாவது வம்பு இழுத்து உட்கார வைப்பேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விட்டு, ஜீப்பில் ஏறி மஞ்சக்குட்டை, தலைச்சோலை, கரடியூர் என்று போவோமே. ஊட்டுப் பழைய படத்தை வெளியே கொடுக்க யாருக்கும் மனசு வராது. சுவரில் இருந்து கழற்றி வாசலுக்கு மட்டும் கொண்டுவர விடுவார்கள். நீங்கள் அதை வெயிலில் சாய்த்து வைத்துப் படம் எடுப்பீர்கள். நம்ம மலையில் வெயில் எங்கே சொன்னபடி வருகிறது? மேகம் விலகும்வரை ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருப்போம். கண்ணாடி பளபளக்காமல் இருக்க நான் கறுப்புப் போர்வையை விரித்துப் பிடித்து நிற்பேன். அப்படியும் நாலைந்து படத்தில் என் சேலைத் தலைப்பு விழுந்திருக்கிறது. யாரோ ஊட்டுப் பாட்டன் தோளில் என் பச்சைச் சேலை. ஒன்றில் என் மூக்கு.

இதெல்லாம் சரி. படத்துக்குக் கீழே பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான் நம் இருவர் தப்பும் தெரிந்தது.

நீங்கள் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பென்சிலில் எழுதி வைத்திருந்தீர்கள். எழுத்தைக் கூட்டிக் கூட்டி நான்தான் வாசித்தேன். மூன்றாவதோடு நின்றவள் என்றாலும் உங்கள் எழுத்து எனக்குப் பழக்கம். "பொன்னம்மாவின் அவங்க." அடுத்தது, "ராசம்மாவின் அவங்க." இப்படியே பதினோரு அவங்க. எங்கே போனாலும் பொம்பளைகள் மணிக்கணக்கில் பேசினார்கள். அவங்க வந்தாங்க, அவங்க மரத்துல இருந்து விழுந்தாங்க, அவங்களுக்குக் கருவாடுன்னா உசுரு. பெயர் என்ன என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பொம்பளையிடம் அவள் புருசன் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை என்று இரண்டு பேருக்குமே ஊறிப்போயிருந்தது. ஸ்டெல்லா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தன் ஊட்டுக்காரரை "ஜோசப், காபி ஆறுது" என்று தெருமுனைவரை கேட்கக் கூப்பிடுகிறவர். அவருக்கு எங்கே இது புரியும்?

பதினொன்றில் பத்தைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகள், மாப்பிள்ளைகள் யாரிடமாவது மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். தலைச்சோலை மாரக்கா ஊட்டுப் படம்தான் சிக்கல். எஸ்டேட்டில் காபிப் பழம் தோல் உரிக்கிற மெஷினுக்கு இரும்புச் சக்கரத்தை, ஜீப் ரோடு இல்லாத காலத்தில், மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்களே, அந்தப் பத்து ஆள். வெள்ளைக்காரத் துரை நிற்க வைத்து எடுத்த படம். ஒன்பது பேர் பெயர் கிடைத்துவிட்டது. நடுவில் தலைப்பாகையோடு நிற்கிறவர் மாரக்காவின் அவங்க. ஆள் சேர்த்து வேலை வாங்கினவர் என்பதால் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள், மேஸ்திரி என்றே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. கூட வேலை பார்த்தவர்களும் உயிரோடு இல்லை. மாரக்கா இப்போது தம்பி ஊட்டில் இருக்கிறார். ரேசன் கார்டு தம்பி பேரில். அந்தத் தம்பியைக் கேட்டால், "மாமான்னுதானுங்க கூப்பிடுவேன், மாமாவுக்கு எதுக்குங்க பேரு?" என்கிறார்.

மாரக்காவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. மழைக்காலம் வந்தால் இருமல் விடுவதில்லை. அவர் போனால் அந்த மனுசர் பெயரும் கூடவே போய்விடும். சக்கரம் இன்னும் எஸ்டேட்டில் கிடக்கிறது, கொண்டு வந்தவர் பெயர் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை.

போனேன். நீங்கள் இருந்தால் விட்டுவிடு என்று கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். "பேர் சொல்லுங்கக்கா" என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நொம்ப நல்லாயிருக்குது கேக்கறது" என்றார்.

"முதல் எழுத்தாவது சொல்லுங்க."

"எனக்கு ஏது கண்ணு எழுத்து?"

"சரி, நான் சொல்லிக்கிட்டே வாரேன். வந்ததும் தலையை ஆட்டுங்க. ராமசாமியா? பெருமாளா? குப்புசாமியா? சின்னுவா?" மலையில் இருக்கிற பெயர் எல்லாம் சொல்லிவிட்டேன். கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கி நான் நிறுத்தியதும், "என்ன கண்ணு, ஓட்டு லிஸ்ட்டுப் படிக்கறயா?" என்றார்.

"ஏனக்கா, பேர் சொன்னா ஆயுசு குறையும்பாங்க. அவர் போயே முப்பது வருசம் ஆச்சு. இனி எங்க குறையப் போகுது?"

"அங்க போயும் அவருக்கு ஒரு ஆயுசு இருக்குதல்லோ? அதை எதுக்கு நான் குறைக்கோணும்?"

நீங்கள்தான் இப்போது அங்கே இருக்கிறீர்கள். ஆயுசு உண்டா, இல்லையா? இன்னும் இரண்டு தடவை போனேன். காபி கொடுத்தார், பலாக்கொட்டை வறுத்துக் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை.

ஹாலில் படம் மாட்டுகிற நாள் வந்துவிட்டது. அந்தப் பத்துப் பேர் படத்துக்குக் கீழே டீச்சர் வரிசையாகப் பெயர் எழுதி, நடு ஆளுக்குக் கீழே "பெயர் தெரியவில்லை" என்று எழுதினார். வாசலுக்குப் பக்கத்துத் தட்டியில் உங்கள் படத்தை மாட்டி, அதற்குக் கீழே உங்கள் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

முதல் நாளே கூட்டம். தன் தாத்தாவைப் பார்த்துச் சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறவன், என் மாமியார் இவ்வளவு அழகா என்று சண்டைக்கு வருகிறவள் என்று ஹால் நிறைந்துவிட்டது. பத்து மணி ஜீப்பில் மாரக்கா வந்தார், தம்பி பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன எழுதிருக்குது, படி கண்ணு" என்றார்.

இடது பக்கம் இருந்து படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும், "ஆமா, அவன்தான். கோவக்காரன்", "இவன் நல்லாப் பாடுவான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நான் நின்றுவிட்டேன்.

"அங்க என்ன?"

"பேர் தெரியலைன்னு எழுதிருக்குதுங்கக்கா."

"ஆருக்குத் தெரியலை?"

அவரே, "எனக்குத் தெரியுமே" என்றார். அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தார். படிக்கத் தெரியாதவர் அவ்வளவு நேரம் எழுத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. "அத்தனை ஆளையும் கூட்டியாந்தவரு அவரு. அவங்களுக்கெல்லாம் பேர் இருக்குது. அவரு மட்டும் பேரில்லாத ஆளாட்டம் நிக்கறாரு."

"நீங்கதானக்கா சொல்லமாட்டேங்கறீங்க."

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுவியா?" வாசல் தட்டியைக் காட்டினார். "அதா நிக்கறாரே உன்னோட ஊட்டுக்காரரு, பொட்டி தூக்கிக்கிட்டு வருவாரே. அவரு பேரென்ன? நீ சொல்லு, நானும் சொல்றேன்."

சுற்றி நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். "அங்கதான் எழுதிருக்குதேக்கா" என்றேன்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. வாயில சொல்லு."

வாயைத் திறந்தேன். "ஏனுங்க" என்றுதான் வந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் கூட.

யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவள் நான். மாரக்காவை மூன்று மாதம் கேலி செய்தவளும் நான்தான். இருபத்தாறு வருசத்தில் உங்கள் பெயரை நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. தபால்காரர் கேட்டால் போர்டைக் காட்டுவேன். சேலத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பேசன்ட் பெயர் என்ன என்று என்னிடம்தான் கேட்டார்கள். நான் உங்களைப் பார்த்தேன். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நீங்களே சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? எனக்கு அது ஹாலில் நின்றபோது நினைவுக்கு வந்தது.

அதனால் சொன்னேன். உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"காது கேக்கலை" என்றார் மாரக்கா.

உரக்கச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே சேலம் பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை யாரும் கேட்காமல் நானாகச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயருங்க உங்களுக்கு. இத்தனை வருசம் மற்றவர்களே சொல்லி அனுபவித்திருக்கிறார்கள்.

மாரக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு படத்தின் பக்கம் திரும்பி, தலைப்பாகைக்காரர் நெஞ்சுக்கு நேராக விரலை வைத்து, அவரிடமே சொல்கிற மாதிரி, "அர்த்தநாரிங்க" என்றார். பெயரைச் சொன்னாலும் "ங்க" போட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மேஸ்திரி அர்த்தநாரின்னு எழுது கண்ணு. பெருசா எழுது."

டீச்சர் பேனாவைத் திறந்தார். நான் வாங்கிக்கொண்டேன். "ர்"க்குப் புள்ளி வைக்க மறந்து, அப்புறம் வைத்தேன். கோணல் மாணலாகத்தான் வந்தது. ஸ்டெல்லா டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார், திருத்தவில்லை.

அதோடு முடியவில்லை. ராசம்மா வந்து என் காதில் அவர் ஊட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினார். இன்னும் இரண்டு பேர், சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், பாத்திரம் கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி தயங்கித் தயங்கி வந்து சொன்னார்கள். ஊட்டுக்காரர் உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் கிட்டே வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எதற்கு வம்பு, அவர்கள் புருசனுக்குத் தடுமன் பிடித்துத் தும்மினால் கூட என்னைத்தான் சொல்வார்கள்.

மாரக்கா ஜீப் ஏறுகிறபோது தம்பி பொண்டாட்டி அவரிடம், "இத்தனை வருசம் கழிச்சுச் சொல்லிப்போட்டீங்களே" என்றாளாம். "இனிமேல் அந்தப் படத்தைப் பாக்கறவங்க சொல்லிக்கட்டும், எனக்கு ஒருக்காச் சொன்னாப் போதும்" என்றாராம்.

இப்போது பதினொன்றில் நாலு போக ஏழு அவங்க பாக்கி. அடுத்த மாதம் கரடியூர் பள்ளிக்கூடத்தில் படங்களை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அதன் பிறகு மஞ்சக்குட்டை. இந்தக் கடிதத்தை அங்கே உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்கிறார் டீச்சர். ஒட்டட்டும். ஏழு பேரையும் பெயரோடு தட்டியில் ஏற்றாமல் நான் ஓயமாட்டேன். இனி எந்த ஊட்டுக்குப் போனாலும் முதலில் பெயரைக் கேட்பேன், கதையை அப்புறம் கேட்பேன். என் பெயரை யாராவது கேட்டால், உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். போர்டைக் காட்டமாட்டேன்.

இப்படிக்கு,
வையாபுரியின் ஊட்டுக்காரி
பாக்கியம்