வித்தியாசம் இல்லை என்று சொன்னது

நேற்றுக் காலை என் வீட்டு கேட் கம்பியில் ஒரு மஞ்சள் நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். முதுமை பற்றிய ஆய்வுக்கு அறுபது வயது கடந்தவர்கள் தேவையாம். ஒரு கையை இன்னொரு கை பற்றியிருக்கும் படம். நீ அந்த ஆய்வில் சேர்ந்தபோது உன் வீட்டு ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து மாட்டியிருந்தாயே, அதே படம். அதைப் பிடித்தபடி வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எழுத எழுத வேறெங்காவது போய்விடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே எண்ணிட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. அந்த ஆய்வுப் படிவம் தேவைக்கு மேல் கேட்டது.
2. உன் மகனுக்கு உன் வீட்டின் மேல் ஒரு கண் இருந்தது.
3. உன்னைப் பற்றி என்னிடம் கேட்டபோது நான் சொன்ன பொய், உன் நன்மைக்குத்தான்.

முதலாவது. மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையில் நீ லேத்தில் கடைந்த பாகங்களை முப்பது வருடம் அளந்து பார்த்தவன் நான். எதையும் அளக்காமல் நம்புவது எனக்கு வராது. நீயோ செல்வி என்கிற அந்த ஆய்வுப் பெண்மணி படியேறி வந்த அன்றே சேர்ந்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "வயசானவன் ஒடம்ப பத்தி கத்துக்கணும்னா வயசானவன தான பாக்கணும்? எலியயே எத்தினி நாள் பாப்பாங்க?" என்றாய்.

உன் படிவத்தை வாங்கி, பென்சிலோடு உட்கார்ந்து மூன்று நாள் படித்தேன்.

"இன்னா வாத்தியாரே, கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பாக்கறியா?" என்று சிரித்தாய்.

சிரிக்கிற விஷயமா அது? வீடு சொந்தமா, யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடைய தொலைபேசி எண் என்ன. ஞாபக சக்திக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம்? செல்வியிடமே கேட்டேன். "வசதியையும் சேர்த்துப் பார்த்தாத்தான் சார் ஒடம்பு புரியும்" என்றார். பதிலைக் குறித்துக்கொண்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது. அதே மாதத்தில் உன் மகன் இரண்டு ஞாயிறு தொடர்ந்து வந்தான். கணினி வேலை, திருமுல்லைவாயிலில் எட்டாவது மாடியில் ஃபிளாட், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் மேனாம்பேடு பக்கம் தலைகாட்டுகிறவன். இரண்டாம் ஞாயிறு கூட ஒருவர் வந்தார். நீ கோயிலில் பூசை முடிந்து திரும்புவதற்குள் அவர் உன் வாசல் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டார். நான் எதிர்வீட்டில் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா பாக்க வந்தாரு, அங்கிள்" என்றான் உன் மகன்.

சும்மா பார்க்க வருகிறவர் எதற்கு டேப் கொண்டுவருகிறார்? இதை அவனிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் செல்வியின் படிவத்தையும் அந்த டேப்பையும் மனசுக்குள் சேர்த்து வைத்துவிட்டேன். அப்பனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால் போதும், வீடு யாருடையது?

மூன்றாவதற்கு வருகிறேன். படிவத்தில் 'உங்களை நன்கு அறிந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தாய். அதனால் செல்வி என்னைத் தேடி வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சமீபத்தில் நடந்ததை மறக்கிறாரா? சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? தெரிந்த இடத்தில் வழி தவறுகிறாரா? இரண்டு வருடத்துக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?

அந்த வாரத்தில்தான் ஒரே நாளில் மூன்று முறை வந்து அதே செய்தித்தாளைக் கேட்டிருந்தாய். அதற்கு முன், நம் தெரு திரும்பும் இடத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்று சிரித்தபடி கேட்டாய். நானும் சிரித்தேன். ஆனால் உன் கை பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

எல்லாக் கேள்விக்கும் "வித்தியாசம் இல்லை" என்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

சாயந்திரம் நீ வந்தாய். "இன்னா சொன்ன?"

"வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாத்தான்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். "அப்ப சரி. லேத்துல நான் கடஞ்ச பீஸ ஒருவாட்டி கூட நீ சும்மா பாஸ் பண்ணதில்லியே" என்றாய். நீ போன பிறகு, உன்னைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, இப்போது கிடங்காகிவிட்ட நம் தொழிற்சாலையின் வாசலில் ஷிஃப்டுக்கு வந்தவனைப் போல நின்றாய். காவலாளி உன் மகனைக் கூப்பிட்டார். அவன் உன்னைத் தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோனான். செவ்வாய்தோறும் வந்து பார்த்தேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் வா வாத்தியாரே" என்பாய். சளி பிடித்து, அது நுரையீரலுக்கு இறங்கி, அந்த எட்டாவது மாடியிலேயே முடிந்தது.

நேற்று இதுவரை எழுதினேன். இன்று காலை செல்வி வந்தார். நோட்டீஸ் செருகியதும் அவர்தானாம்.

சேர்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும் என்றேன். "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் யாருக்குப் போச்சு? அவர் மகனுக்கா?"

"யாருக்கும் போகல சார். முடிவ தனக்கு மட்டும்தான் சொல்லணும்னு அவரே டிக் பண்ணியிருந்தாரு. வித்தியாசம் இருந்தா அவர்கிட்ட சொல்லி, டாக்டர்கிட்ட அனுப்பியிருப்போம். அவரோட டெஸ்ட் கொஞ்சம் சுமாராத்தான் இருந்துச்சு. நீங்க ஒண்ணும் இல்லன்னதால, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்."

இறந்தவரைப் பற்றி இவர் என்னிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்ற சந்தேகம் அப்போதும் எனக்கு எழுந்தது. கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"உங்க பேர எழுதும்போது ஒண்ணு சொன்னாரு சார். 'என் புள்ளய கேக்காதம்மா, பயந்துடுவான். வாத்தியார கேளு. தப்புன்னா தப்புன்னுடுவான். மூள போவுதுன்னா முன்னாடியே சொல்லிடு. என் ஊட்ட இன்னா பண்ணணும், என்ன எங்க வெச்சுக்கணும், எல்லாத்தையும் தலை ஒயுங்கா இருக்கசொல்ல எழுதிக் கையெழுத்து போட்டுடணும்'னு."

நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனேன்.

திரும்பி வந்து என் படிவத்தைப் பார்த்தேன். வீடு யார் பெயரில் என்ற கேள்வியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "அது உங்க உரிமை சார். எந்தக் கேள்வியையும் விடலாம். நடுவுல விலகவும் செய்யலாம்" என்றார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்டேன். ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போன வாரம் முழுக்க வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

முதலாவதை நான் திரும்பப் பெறவில்லை. இரண்டாவதையும் இல்லை, டேப்காரர் போன வாரமும் உன் வாசலுக்கு வந்திருந்தார். ஆனால் உன் மகனிடமிருந்து உன்னைக் காப்பதாக நினைத்து, நீ உனக்காக முடிவெடுக்க இருந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டவன் நான். "மெய்யாலுமா?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்த பார்வை என்னோடுதான் இருக்கிறது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

மேலே மூன்றாவது என்று எண்ணிட்டு எழுதிய வரி தவறு. இந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். அது தொழிற்சாலையின் அளவுப் பதிவேட்டில் நாங்கள் செய்யாத காரியம். அந்த வரியைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இன்றைய தேதியும் என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.