யூதாசின் முகம்

1938 ஜனவரி 9, ஞாயிறு. கொட்டாஞ்சேனை.

பூசை முடிந்ததும் சுவாமியார் எங்கள் நாடக சபைத் தலைவர் ஒஸ்வால்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நத்தாருக்குப் போட்ட பாலன் பிறப்பு நாடகத்துக்கு அவர் வரைந்த பெத்லகேம் திரையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சாம். அவர் வரைந்த திரை! நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஐறீனும் உதவி, சுவாமி. வர்ணம் குழைச்சுத் தந்தவ" என்று ஒஸ்வால்ட் சிரித்தார்.

மழைக்காலம் முழுக்க முழங்கால் தேய வரைந்தது நான். குழைச்சுத் தந்தவளாம். நெஞ்சு எரியுது. விடமாட்டன்.

பெப்ரவரி 2

ஒஸ்வால்ட் வீட்டுக்கு வந்தார். குருத்து ஞாயிறு நாடகத்துக்கு கடைசி இராப்போசனத் திரை வேண்டுமாம். "வழமைபோல நீர் செய்யும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

மறுக்கத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஓம் என்றேன். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு ஒரு முகம் வேண்டுமே!

பெப்ரவரி 24

வரவில்லை. கரியால் ஒஸ்வால்டின் முகத்தை எத்தனை தரம் கீறினாலும் பேய்தான் வருகிறது. கோபத்தோடு கீறினால் மூக்கு நீளுகிறது, கண் பிதுங்குகிறது. பேயைப் பார்த்து யார் அவரென்று சொல்வார்கள்? பூசையில் செபத்தை விட்டு அவரையே பார்க்கிறேன். பாவமா? இருக்கட்டும்.

மார்ச் 11

இப்போது எல்லாரையும் பார்க்கிறேன். மீன்காரரின் மணிக்கட்டு, ட்ராமில் தூங்கி விழுகிறவரின் கழுத்து. நத்தார்த் திரையில் நான் வரைந்த இடையர்கள் வெறும் மரப்பாவைகள். இன்றைக்குத்தான் தெரிகிறது. இதையா அந்த மனுசன் களவெடுத்தது!

மார்ச் 27

குசினிச் சுவரில் நான் கீறியிருந்ததைப் பார்த்து அம்மா அகப்பையோடு நின்றுவிட்டா.

"எடியே, இது ஒஸ்வால்ட் எல்லே? ஏன் இப்பிடிப் பயந்துபோய் இருக்கிறார்?"

பயமா? கண்டதைத்தானே கீறினேன். இரக்கம் வரப் பார்த்தது — வரவிடவில்லை.

ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு

வர்ணம் காயவேண்டும் என்று சொல்லி, கடைசி வரைக்கும் திரையை வீட்டிலேயே வைத்திருந்தேன். பின்னேரம் மண்டபத்தில் ஏற்றினார்கள்.  முதலில் பெண்கள் பக்கம் குசுகுசுப்பு. தலைகள் யூதாசிடமிருந்து ஒஸ்வால்டிடம் திரும்பின. அவர் முகம் வெளிறிப்போனது.

சுவாமியாருக்குக் கண் மங்கல், யூதாஸ் யாரென்று பிடிபடவில்லை. "என்ன உயிரான முகங்கள்! இதுவும் நீர் வரைஞ்சதுதானே, ஒஸ்வால்ட்?"

ஓமென்றால், தன்னைத் தானே யூதாசாக வரைந்தவராவார். 

"நானில்லை, சுவாமி. ஐறீன்."

அவர் வாயாலேயே! வீடு வரைக்கும் இனித்தது.

ஏப்ரல் 11

இன்றும் இனிக்கிறது.

மே 22

ஜிந்துப்பிட்டி நாடகக் கொட்டகை நமசிவாயம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஒரு நந்தவனத் திரையும் ஒரு கொலுமண்டபத் திரையும் நானே வரைந்து தரவேண்டுமாம்.

திரும்பி வரும்போது எதிரே ஒஸ்வால்ட். நாடக சபையை விட்டுவிட்டாராம். என்னைக் கண்டதும் தெருவின் மற்றப் பக்கம் மாறினார். குத்திக் கதைக்க எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அவர் காதுக்குக் கீழே, தாடை தொடங்கும் இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். அதை நான் கவனிக்கவே இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் கீறிப் பார்த்தேன்.